குடும்பத்தார் மட்டும் இருக்கலாம்

போன வாரம் டூகலைப் பால் கறக்கும் கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். மனிதர் இன்னும் அங்கேயே நின்றிருந்தால் பசுக்கள் நக்கி நக்கி உப்புக்கட்டியைப் போலத் தேய்ந்து போயிருப்பார். நல்லவேளை, நகர்ந்துவிட்டார்.

நகர்வதற்கு முன் அவர் தன் மனைவியின் அக்கா மகள் பிரையரிடம் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். "அன்னைக்கு நீ என்னைப் பாத்தியா?"

அவள் சொன்னதும் நினைவிருக்கும். "இல்ல சித்தப்பா."

பொய். பார்த்தாள். பதினேழு வயதுப் பெண், கையில் அரை லைசென்ஸ், பக்கத்தில் ஏற்றக்கூடாத சித்தி மகள் ஜோர்ஜா. பழைய மில் ரோட்டில் எதிரே வந்த பச்சை வண்டியில் சித்தப்பா இருந்ததைப் பார்த்துக் கையாட்டினாள். அடுத்த வளைவில் சரளைக்கல் காரை வாரிக்கொண்டது. வேலியின் மூலைக்கம்பம் ஜோர்ஜா இருந்த பக்கத்தை உள்ளே தள்ளியது. பிரையருக்கு நெற்றியில் ஒரு கீறல். ஜோர்ஜாவின் இடது கால் மூன்றாவது வாரமாக இரும்புக் கம்பிகளுக்கு நடுவே கிடக்கிறது. அது இனி நடக்குமா என்று கேட்டால் டாக்டர்கள் ஜன்னலைப் பார்க்கிறார்கள். மோதலுக்கு முன் நடந்தது எதுவும் நினைவில்லை என்று ஜோர்ஜா சொல்லிவிட்டாள்.

அந்த நேரத்தில் டூகல் இருந்திருக்க வேண்டிய இடம் மாட்டுச் சந்தை. அவர் மனைவி, ஜோர்ஜாவின் அம்மா லின்லி இன்றுவரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

டன்ரோபியில் இது பிரையருக்கும் டூகலுக்கும் மட்டும்தான் தெரியும். எங்கள் ஊரில் ஒருவன் தும்ம நினைத்தாலே ஐந்தாவது வீட்டில் கைக்குட்டை எடுத்து வைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் மூன்று வாரமாக ஒரு ரகசியம் உயிரோடு இருக்கிறது என்றால் அதை மியூசியத்தில் வைக்க வேண்டும்.

*

செவ்வாய்க்கிழமை காலை பிரையர் சமையலறைக்கு வந்தபோது மேஜையில் இடமில்லை. நாற்காலிகளில் இடமில்லை. துணி துவைக்கும் மெஷின் மேல்கூட சீஸ் ரோல்கள். ரொட்டித் துண்டில் சீஸும் வெங்காய சூப் பொடியும் கலந்து தடவி, சுருட்டி, வெண்ணெய் பூசிச் சுட்டு எடுப்பது. இந்தத் தென்கோடியில் கல்யாணமோ சாவோ ரக்பியோ, இது இல்லாமல் எதுவும் நடக்காது. அன்று அந்த வீட்டில் இருந்ததை வைத்து ஒரு ராணுவத்தைப் போருக்கு அனுப்பி, ஜெயித்துத் திரும்பியதும் மறுபடி பந்தி வைத்திருக்கலாம்.

"எத்தனை பேரும்மா வர்றாங்க?"

"ஆறு பேர்," என்றாள் ரேவின். அடுத்த துண்டைச் சுருட்டினாள்.

"ஆறு பேருக்கா இவ்வளவு?"

"வெறுங்கையோட போக முடியாதுல்ல."

மகள் போலீஸ் முன்னால் உட்காரப் போகிறாள். அதற்கும் ஒரு தட்டு எடுத்துப் போக வேண்டும். ரேவினுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை, சோகமாகவும் படவில்லை. விபத்து நடந்த சாயங்காலம் அவளுக்குள் யாரோ மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். கை கால்கள் மட்டும் வேறு ஏதோ லைனில் ஓடிக்கொண்டிருந்தன. கணவன் ஆஸ்திரேலியச் சுரங்கத்திலிருந்து கூப்பிட்டு, "நான் கிளம்பி வரட்டுமா?" என்று கேட்டபோது, "வந்து என்ன பண்ணப்போற, மழை பெய்யுது," என்றாள். மழைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவனும் கேட்கவில்லை.

பிரையர் ஒரு ரோலை எடுத்துக் கடித்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கியது. வாய் வெந்திருக்க வேண்டும். மென்று விழுங்கினாள்.

"சுடலையா?"

"தெரியல."

ரேவின் திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

அரை லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் நிற்கப் பழகுவதற்கு முன் டிராக்டர் ஓட்டப் பழகிவிடும். பால் புட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்த குழந்தையை நானே பார்த்திருக்கிறேன். எடுத்தவள் இப்போது ஊர்ச் சபையில் உறுப்பினர். ஆனால் சொந்த நிலத்தைத் தாண்டி ரோட்டுக்கு வந்தால் சர்க்கார் ராஜ்ஜியம். பதினாறு வயதில் மஞ்சள் அட்டை ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் பெரியவரை உட்கார வைத்து ஓட்ட வேண்டும். அப்புறம் அரை லைசென்ஸ். அதை வைத்துத் தனியாக ஓட்டலாம், ராத்திரி பத்து மணிக்கு மேல் கூடாது. கட்டிய புருஷனை ஏற்றலாம், பெற்ற பிள்ளையை ஏற்றலாம். சித்தி மகளை ஏற்றக் கூடாது.

"பள்ளிக்கூடம் போற பொண்ணுக்குப் புருஷனும் புள்ளையும் எங்கேர்ந்துடி வரும்?" என்று ஜோர்ஜாவும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தது போன வருடம். இப்போது பிரையருக்கு அந்தச் சட்டம் அக்கறையாக எழுதப்பட்டதாகவே தோன்றியது. பக்கத்து சீட் காலியாக இருந்திருந்தால் கம்பம் காலி சீட்டை நசுக்கியிருக்கும். அவ்வளவுதான் விஷயம். யாரோ தலைநகரில் உட்கார்ந்து இதைத்தான் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்.

"போலீஸ் இன்னும் போன்னுதான் நினைக்குது," என்றாள் ரேவின். "போன் உன் காலடியில கிடந்துச்சாம். நீ அதைப் பாத்துட்டிருந்தேன்னா, பாத்துட்டிருந்தேன்னு சொல்லிடு. முடிஞ்சு போகும்."

"பாக்கலம்மா."

"அப்ப கையை எதுக்கு எடுத்த?"

"யாருக்கோ ஆட்டினேன்."

"யாருக்கு?"

"ஞாபகமில்ல."

"இந்த ஊர்ல எதிர்ல யார் வந்தாங்கன்னு உனக்கு ஞாபகமில்லையா? வண்டி சத்தத்தை வெச்சே அதுல யாரு இருமறான்னு சொல்லுவியே நீ!"

ரேவின் அடுப்பை அணைத்தாள். ரோல்களின் மேல் துணியைப் போட்டு மூடினாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் லின்லியின் வீடு. அக்காவும் தங்கையும் எதிரெதிர் வீடு. இருபது வருடமாக சர்க்கரை வேண்டுமென்றால் போன் போடுவதில்லை, கத்துவார்கள், சர்க்கரை வந்துவிடும். அந்தக் கத்தலில் இரண்டு பக்கத்து ஆடுகளும் காது கேளாமல் போனதாகச் சொல்வார்கள். மூன்று வாரமாக அங்கே சத்தமே இல்லை. லின்லி ஒரே ஒரு முறை போன் செய்தாள், அதுவும் ஒரே விஷயம் சொல்ல.

"அவ கை அப்ப எங்க இருந்துச்சுன்னு உண்மையைச் சொல்லச் சொல்லுக்கா. அதுக்கப்புறம் அவ மூஞ்சியைப் பாக்கறேன். அதுவரைக்கும் என்னால முடியாது."

பிரையருக்குச் சித்தி வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால் சித்தியின் வீடு இரண்டாகப் பிளக்கும். சொல்லாவிட்டால் சித்தி இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள். இதில் எது மேல் என்று யோசிக்க முயன்றாள். மனசு மரக்கட்டை போலக் கிடந்தது. சரி, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

*

காரை ரேவின் ஓட்டினாள். பிரையர் பின்சீட்டில் உட்கார்ந்தாள். முன்சீட்டில் சீஸ் ரோல்கள் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தன.

பாலம் தாண்டும்போது எதிரே பால் லாரி வந்தது. டிரைவரின் விரல் ஸ்டியரிங்கிலிருந்து எழுந்தது. ரேவினின் விரலும் தானாக எழுந்தது.

இது எங்கள் ஊர் மரியாதை. எதிரே வருகிறவன் யாராக இருந்தாலும் ஆட்காட்டி விரலைத் தூக்க வேண்டும். தூக்காதவனைப் பற்றி மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். சவ வண்டியில் போகும்போது பெட்டிக்குள்ளிருந்து விரலைத் தூக்கினார் என்று எங்கள் பழைய தபால்காரரைப் பற்றிச் சத்தியம் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் ஒரு விரல் போதும். சொந்தக்காரர் வந்தால் மட்டும் முழுக் கையையும் எடுத்து ஆட்டுவோம். அன்று பிரையர் முழுக் கையையும் எடுத்தாள். இன்னொரு கை வளைவுக்காக கியரை மாற்றிக்கொண்டிருந்தது. சரளை ரோட்டில், ஒரு கண நேரம், ஸ்டியரிங்கில் யாருமே இல்லை.

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் பேசாமல் போயிருப்பாள். ஒன்றும் ஆகியிருக்காது.

ரேவின் தன் விரலைப் பார்த்தாள். சுட்டதுபோல மடக்கிக்கொண்டாள்.

*

டன்ரோபி ஹாலின் ஹீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், அதைப் போட்ட பிறகுதான் குளிர் சூடு பிடிக்கும். கான்ஸ்டபிள் டேலி அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆள் அவ்வளவு உயரம், வாசலில் குனிந்து நுழைந்து முழுக்க நிமிர்வதற்குள் டீ ஆறிவிடும். டூகல் அவரிடம் வாத்து வேட்டை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இந்த வாரக் கடைசியில் சீசன் ஆரம்பம்.

"குளத்துல இந்த வருஷம் எப்படி?"

"நிறைய இறங்கியிருக்குங்க. தண்ணியே தெரியல."

"பரவாயில்லையே."

இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். லின்லி கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா தட்டுகளை அடுக்குவதைப் பார்த்தாள்.

"இவ்வளவு எதுக்கு? திருவிழாவா?"

மூன்று வாரத்தில் தங்கை அக்காவிடம் நேரில் பேசிய முதல் வார்த்தை அது.

"உனக்குப் பிடிக்குமேன்னு கருகலா சுட்டேன்," என்றாள் ரேவின்.

"பசியில்ல."

கூட்டத்தை நடத்துகிறவள் மராமா. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் தப்பு செய்தால் எடுத்த எடுப்பில் கோர்ட்டுக்கு இழுப்பதில்லை. போலீஸ், அடிபட்டவர் குடும்பம், தப்பு செய்தவர் குடும்பம், எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும். வழி சரியில்லை என்று போலீஸுக்குப் பட்டால் அப்புறம் கோர்ட். மராமா இப்படி ஆயிரம் கூட்டம் நடத்தியவள். அவள் ஒருமுறை தொண்டையைக் கனைத்தால் பக்கத்து மாவட்டத்தில் சண்டை நிற்கும்.

மேஜை மேல் தக்காளி சாஸ் பாட்டிலில் சாய்த்து ஒரு டேப்லெட்டை வைத்தாள். அதில் ஜோர்ஜாவின் முகம், ஆஸ்பத்திரித் தலையணையில். வெளுத்துப்போய், கண்கள் பாதி மூடி.

"கேக்குதாடா கண்ணு?"

"ம்."

"தூக்கம் வந்தா தூங்கு. கஷ்டப்பட்டுக் கேக்க வேணாம்."

"ம்."

மராமா எழுந்து தன் மாவோரி மொழியில் ஒரு பிரார்த்தனை சொன்னாள். எல்லோரும் தலைகுனிந்தார்கள். பிரையர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு ஷூவில் சாணி ஒட்டியிருந்தது. துடைத்திருக்கலாம் என்று நினைத்தாள். அதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை.

கான்ஸ்டபிள் டேலி தாளைப் பார்த்துப் படித்தார். அரை லைசென்ஸில் அனுமதியில்லாத ஆளை ஏற்றியது. கவனக்குறைவாக ஓட்டிக் காயம் ஏற்படுத்தியது. பக்கத்தில் இருந்தவர் பெல்ட் போட்டிருக்கவில்லை.

"என் பொண்ணு பெல்ட் போடாம உக்காரவே மாட்டா," என்றாள் லின்லி.

"பெல்ட் கழண்டுதான் இருந்துச்சுங்க. நல்லா செக் பண்ணிட்டோம்."

"நிறுத்தி வெச்ச கார்லயே பெல்ட் போடற பொண்ணு சார் அவ! ஐஸ்க்ரீம் சாப்பிட உக்காந்தாக்கூட!"

பிரையரின் முகத்தை மராமா கவனித்தாள். அதில் எதுவும் நடக்கவில்லை.

"பிரையர்," என்றார் டேலி. கோபமில்லாத மனுஷன். "இதெல்லாம் நீ ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன்."

"கை ஸ்டியரிங்ல இல்லன்னும் ஒத்துக்கிற."

"ஆமா."

"போன் கையில இருந்துச்சா?"

"இல்ல. கையாட்டினேன்."

"யாருக்குன்னு சொன்னா நான் அந்த ஆளைக் கேட்டுத் தெரிஞ்சுக்குவேன். உனக்கும் நல்லது. சொல்லலேன்னா, நான் போன்னுதான் எழுதணும். அப்ப இது இந்த ஹாலோட முடியாது, கோர்ட்டுக்குப் போயிடும். புரியுதா?"

"புரியுது."

"அப்ப சொல்லு."

டூகல் தொப்பியை மடியில் வைத்து விளிம்பை உருட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தொப்பி இன்னும் அஞ்சு நிமிஷம் அந்தக் கையில் இருந்திருந்தால் நூலாகப் பிரிந்து தரையில் கிடந்திருக்கும்.

"ஞாபகமில்ல," என்றாள் பிரையர்.

லின்லி தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். "எனக்கு அவளை ஜெயில்ல போடணும்னு ஆசையில்ல சார். என் கையால சோறு போட்டு வளத்த பொண்ணு. என் பொண்ணோட காலை எதுக்கு வாங்கிக்கிச்சு அந்தக் கை, அதை மட்டும் தெரிஞ்சுக்கணும். ஒரு மெசேஜுக்கா? ஒரு பாட்டுக்கா? என்னன்னு சொல்லிட்டா நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிடுவேன்."

டேப்லெட்டில் ஜோர்ஜாவின் முகம் சரிந்து மறைந்து, ஆஸ்பத்திரிக் கூரை மட்டும் தெரிந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தார்கள்.

*

"சரி," என்றாள் மராமா. "இனிமே குடும்ப நேரம். நானும் கான்ஸ்டபிளும், அடிபட்டவங்க பக்கத்து ஆளுங்களும் சமையல்கட்டுல இருப்போம். பிரையரோட குடும்பம் மட்டும் இங்க இருந்து பேசி, என்ன பண்ணலாம்னு ஒரு முடிவுக்கு வாங்க. கதவைச் சாத்திக்கிறோம். நாங்க ஒட்டுக்கேக்க மாட்டோம்."

டேலி எழுந்தார், கதவுக்குக் குனிந்தார். மராமா இரண்டு ரோல்களைத் தட்டில் வைத்துக்கொண்டு சமையல்கட்டை நோக்கி நடந்தாள். பாதி வழியில் நின்றாள். திரும்பி லின்லியைப் பார்த்தாள்.

ஆயிரம் கூட்டம் நடத்தியவளுக்கு ஆயிரத்தோராவதில் மாட்டியது. லின்லி அடிபட்டவளின் அம்மா. வெளியே போக வேண்டியவள். லின்லி பிரையரின் சித்தி; உள்ளே இருக்க வேண்டியவள்.

"நீங்க ரெண்டு பக்கமும்தானே," என்றாள் மராமா மெதுவாக. "சட்டப் புத்தகத்துல இதுக்குப் பதில் இல்ல. நீங்களே சொல்லுங்க."

டூகல் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். "வா லின்லி. அவங்க பேசிக்கட்டும்."

"நான் ஏன் போகணும்?"

"நாம அடிபட்டவங்க பக்கம்."

"இது என் அக்கா. அது என் அக்கா பொண்ணு. நான் எந்தப் பக்கம்னு நீ எனக்குச் சொல்றியா? உக்காரு டூகல்."

"நான் வெளிய..."

"உக்காருன்னேன்."

உட்கார்ந்தார். மராமா தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். டேப்லெட்டை யாரும் எடுத்துப் போகவில்லை. கூரையைக் காட்டிக்கொண்டு அது சாஸ் பாட்டிலில் சாய்ந்திருந்தது.

நாலு பேர். தொண்ணூறு நாற்காலி போடக்கூடிய ஹாலில் அவர்கள் நாலு பட்டாணி போல உட்கார்ந்திருந்தார்கள்.

ரேவின்தான் ஆரம்பித்தாள். "லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துடட்டும். மறுபடி மஞ்சள் அட்டையில இருந்து ஆரம்பிக்கட்டும். ஒரு வருஷம் காரையே தொடக் கூடாது. வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு பஸ்ல போய் ஜோர்ஜாவுக்கு வேணுங்கறதைச் செய்யட்டும்."

"நான் செய்யறேன்," என்றாள் பிரையர்.

"அவ லைசென்ஸ் யாருக்குக்கா வேணும்?" என்றாள் லின்லி. "அதை வெச்சு நான் என்ன பண்ணப்போறேன், ஃபிரேம் போட்டுச் சுவத்துல மாட்டப்போறேனா?"

"வேற என்னடி பண்ணச் சொல்ற?"

"கேட்டேனே! ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன்!"

பிரையர் வாயைத் திறந்தாள். டூகல் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. பெரிய மனிதர், எருமை மாதிரித் தோள், காளையைக் காதைப் பிடித்து நகர்த்துகிறவர். மூன்று வயதுப் பிள்ளை மாதிரிப் பார்த்தார். பிரையர் வாயை மூடிக்கொண்டாள்.

"அம்மா."

குரல் எங்கிருந்து வந்தது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை.

"அம்மா, அவ அப்பாவுக்குத்தான் கையாட்டினா."

டேப்லெட்டில் கூரை அசைந்தது. ஒரு காது தெரிந்தது, கொஞ்சம் முடி, பிறகு ஜோர்ஜாவின் முகம், சாய்ந்து.

"என்னடி சொல்ற?" என்றாள் லின்லி.

"அப்பாவோட வண்டி வந்துச்சும்மா. நான்தான் முதல்ல பாத்தேன். 'அப்பா வராருடி!'ன்னு கத்திட்டேன். பஸ் போயிடுச்சு, சிநேகிதியோட அம்மா கொண்டுவந்து விடுவாங்கன்னு உங்கிட்ட பொய் சொல்லிட்டு அவ கார்ல ஏறியிருந்தேன்ல. அதான் குனிஞ்சேன்."

இதை எங்கள் ஊரில் சின்னவர்கள் எல்லோரும் செய்வார்கள். அரை லைசென்ஸ்காரி ஓட்டும் காரில் பார்க்கும்போது ஒரு தலைதான் தெரியும். எதிரே தெரிந்த வண்டி கடந்து போனதும் சீட்டுக்கு அடியிலிருந்து இன்னும் தலைகள் முளைக்கும். தடுக்கத்தான் சட்டம் போட்டார்கள். பிள்ளைகள் கற்றுக்கொண்டது குனிய.

"பெல்ட் போட்டிருந்தா கீழ வரைக்கும் போக முடியாதும்மா. அதான் கழட்டினேன். கழட்டிட்டு காலை மடக்கி உக்காந்துட்டேன். அவ 'பெல்ட்டைப் போடுடி, போடுடி'ன்னா. அப்பா பக்கத்துல வந்துட்டார். நான் இருக்கறது தெரியக் கூடாதுன்னு அவ பெருசா சிரிச்சுக் கையை ஆட்டினா. அவ்வளவுதான்."

"உனக்கு ஒண்ணும் ஞாபகமில்லன்னியேடி."

"நீ ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்த. அப்பா சந்தையில இருந்து நேரா ஓடி வந்தார்னு." ஜோர்ஜா கண்ணை மூடினாள். "அதான் ஞாபகமில்லன்னேன்."

லின்லி பிரையரின் பக்கம் திரும்பினாள். முழு உடம்போடு, நாற்காலி கிறீச்சிட, திரும்பினாள். பார்த்தாள். நெற்றிக் கீறலை, உதட்டை, வெந்துபோன வாயோரத்தை.

"நீ எனக்காகவா சொல்லாம இருந்த?"

"தெரியல சித்தி," என்றாள் பிரையர். அது உண்மை. அழுகை வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தாள். வரவில்லை.

லின்லி தலையை அசைத்தாள். பிறகு நிதானமாகக் கோட்டைக் கழற்றி நாற்காலியின் மேல் போட்டாள்.

"டூகல்."

"வீட்டுல போய்ப் பேசிக்கலாம் லின்லி."

"அன்னைக்குச் சந்தையில கிடாரி என்ன விலை போச்சு?"

டூகல் தொப்பியைத் திருப்பி அதன் உள்பக்கத்தைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்துட்டு நீதானே சொன்ன? 'விலை ஏறிப்போச்சு, நம்மால வாங்க முடியாது'ன்னு. நான் அழுதுட்டிருந்தேன். நீ எனக்குக் கிடாரி விலை சொல்லிட்டிருந்த. மனுஷன் அதிர்ச்சியில உளறுறான்னு நினைச்சேன். பாவம்னு நினைச்சேன் உன்னை."

"அது ஒண்ணுமில்ல லின்லி. நான் சொல்றதைக் கேளு..."

"பழைய மில் ரோட்டுல என்ன இருக்கு?"

ரேவின் எழுந்து ஒரு தட்டை எடுத்தாள். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன இருக்கு டூகல்? மில்லு இடிஞ்சு என் அப்பன் காலத்துலயே போச்சு. பன்னி கூட அந்தப் பக்கம் போகாது. மூணு வாரமா ஒரு சின்னப் பொண்ணு போலீஸ்கிட்ட திட்டு வாங்குது. நீ பக்கத்துல உக்காந்து வாத்து எண்ணிட்டிருக்க."

"குழந்தை கேட்டுட்டிருக்கா லின்லி," என்றார் டூகல், டேப்லெட்டைக் காட்டி.

"அவதானே உன்னைக் காப்பாத்தினா, கேக்கட்டும்." லின்லியின் குரல் உயரவே இல்லை. சந்தை விலை சொல்வது போலத்தான் சொன்னாள். "நீ வெளிய போ."

"என்ன?"

"மராமா சொன்னாங்கல்ல. இது குடும்ப நேரம். நாங்க பேசணும்."

டூகல் ரேவினைப் பார்த்தார். ரேவின் தட்டைப் பார்த்தாள். அவர் தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். சமையல்கட்டுக் கதவுப் பக்கம் இரண்டு எட்டு போனார். அதற்குப் பின்னால் போலீஸ் இருப்பது நினைவுக்கு வந்தது போலும். திரும்பி வாசல் வழியாகப் போனார்.

கதவு மூடியது. குளிர் ஒரு சுற்று சுற்றிவிட்டு அடங்கியது.

வெளியே பச்சை வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. ஹால் வாசலிலிருந்து இடது பக்கம் திரும்பினால் வீடு. அது தார் ரோடு. வலது பக்கம் திரும்பினால் சரளை. அது ஆற்றோரமாகப் போய்ப் பழைய மில் ரோட்டில் சேரும்.

டயருக்கு அடியில் கற்கள் நொறுங்கின. பொலபொலவென்ற அந்தச் சத்தம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் ஹீட்டரின் முனகல் மட்டும் மிஞ்சியது.

லின்லி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ரேவின் கையிலிருந்த தட்டை அவள் முன்னால் வைத்தாள். லின்லி ஒரு ரோலை எடுத்து, என்ன எடுத்தோம் என்று பார்க்காமல், கடித்தாள்.

சமையல்கட்டுக் கதவில் தட்டினார்கள். "ஆச்சா?" என்றது மராமாவின் குரல்.

"இன்னும் இல்ல," என்றாள் ரேவின்.

டேப்லெட்டில் ஜோர்ஜா கண்ணைத் திறந்தாள். "அப்பா போயிட்டாரா?"

"போயிட்டார்."

"வீட்டுக்குத்தானேம்மா?"

லின்லி மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். பக்கத்தில் பிரையர் இருந்தாள். அந்தச் சரளைச் சத்தத்தை அவளும் கடைசிக் கல் வரை கேட்டிருந்தாள்.

"ஆமாடி," என்றாள் லின்லி. "வீட்டுக்குத்தான். நீ தூங்கு."